அபேட்சகர்களும் ஊர்ப் பள்ளிக்கூடமும்

ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் என்றால் நம் நாட்டில் ஒரு சம்பிரதாயம் ஏற்பட்டுவிட்டது. அபேட்சகர் வாசலுக்கு வருகிறார், கை கூப்புகிறார், வீதிக்கு விளக்கு, குழாய்க்குத் தண்ணீர், சந்துக்குச் சிமெண்டுத் தளம், மயானத்துக்குப் பாதை என்று வரிசையாக வாக்குறுதி கூறுகிறார். இவை வேண்டாதவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர் நின்று பேசும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்திலேயே ஊர்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதைப்பற்றி அவரும் பேசுவதில்லை, கேட்பவர்களும் கேட்பதில்லை. ஊரிலுள்ள குழந்தைகளில் பாதிப்பேருக்கோ, முக்கால்வாசிப் பேருக்கோ வாழ்க்கையின் தலையெழுத்தை நிர்ணயிக்கும் இடம் தேர்தல் மேடையில் பேசப்படாத விஷயமாகப் போய்விட்டது. இந்த மௌனம் கலையவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

யாராவது ஒருவர் துணிந்து கேட்டுவிட்டாலும், அபேட்சகர்களிடமிருந்து கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டு விதந்தான். "பள்ளிக்கூடம் கல்வி இலாகாவைச் சேர்ந்தது, பஞ்சாயத்துக்கு அதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கிறார்கள். "என்னைத் தேர்ந்தெடுங்கள், இந்த ஆரம்பப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கிக் காட்டுகிறேன்" என்று வேறு சிலர் முழங்குகிறார்கள். முதல்வர் தம் கையிலுள்ள அதிகாரத்தை இல்லையென்கிறார். இரண்டாமவர் தம் கையில் இல்லாத அதிகாரத்தை உண்டென்கிறார். இரண்டும் பொய்யே. ஒன்று பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பொய். மற்றொன்று வோட்டைத் தட்டிப்பறிக்கும் பொய். ஸ்தல ஸ்தாபனத்துக்குப் பள்ளி விஷயத்தில் உண்மையாக எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை வோட்டர்கள் அறிந்துகொண்டால், இவ்விரு பொய்களுக்கும் இடமில்லாமற் போகும்.

பள்ளிக்கூடத்துக்கும் ஸ்தல ஸ்தாபனத்துக்கும் உள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. 1882-ம் வருஷம் மே மாதத்தில் ரிப்பன் பிரபு ஸ்தல சுய ஆட்சியைப்பற்றிய தீர்மானத்தை வெளியிட்டார். அதே வருஷத்தில் நியமிக்கப்பட்ட ஹண்டர் கமிஷன், ஆரம்பக் கல்வியை ஜில்லா, முனிசிபல் சபைகளின் பொறுப்பில் விடவேண்டும் என்று சிபார்சு செய்தது. சென்னை மாகாணத்தில் 1884-ம் வருஷத்துச் சட்டத்தால் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் அமைந்தன. 1920-ம் வருஷத்துச் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டமோ, கல்விக்கென்று தனி வரி விதிக்கவும், கட்டாயக் கல்வியைப் புகுத்தவும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு வழி செய்தது. இதற்கு முன்பே, 1911-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், ஸ்ரீ கோபால கிருஷ்ண கோகலே இதே நோக்கத்துடன் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். ஸ்தல ஸ்தாபனம் விரும்பிச் சர்க்காரும் சம்மதித்தால், அந்தப் பிரதேசத்தில் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்பதே அதன் சாரம். அடுத்த வருஷம் அது 13 வோட்டுகளுக்கு எதிராக 38 வோட்டுகளால் தோற்கடிக்கப்பட்டது. அந்நிய ஆட்சி அன்று நிராகரித்தது நம் குழந்தைகளின் கல்வியை மட்டுமன்று. அக்கல்வியைப்பற்றி நம் ஊரார் தாமே தீர்மானிக்கும் உரிமையையும் நிராகரித்தது. இதை நாம் மறந்துவிடலாகாது.

இருந்த சொற்ப அதிகாரத்தைக் கொண்டே அன்றைய அங்கத்தினர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். 1920-ம் வருஷத்தில் ஸ்ரீ பிட்டி தியாகராய செட்டியார் சென்னை நகரசபையின் தலைவராயிருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்குப் பகலுணவு கொடுக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு! தியாகராயர் ஜஸ்டிஸ் கட்சியின் தூண். தேசீயவாதிகள் அவரோடு ஓயாமல் மல்லுக்கு நின்றவர்கள். ஆயினும் நல்ல காரியத்தை நல்ல காரியம் என்று சொல்ல நாம் தயங்கவேண்டியதில்லை. பின்னர் 1956-ம் வருஷத்தில் ஸ்ரீ காமராஜ் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதிய உணவுத் திட்டம் பரவியது; 1982-ல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது; 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. இத்தனைக்கும் முன்னோடி, ஒரு நகரசபை தன் எல்லைக்குள் ஒரு பள்ளியில் செய்த காரியந்தான்.

கல்கத்தாவில் 1924-ம் வருஷத்தில் தேசபந்து சித்தரஞ்சன தாஸ் மேயரானார். சுபாஷ் சந்திர போஸ் பிரதம நிர்வாக அதிகாரியானார். நகரத்து ஏழைகளின் குழந்தைகளுக்கு இலவச ஆரம்பக் கல்வி என்பதைத் தாஸ் தமது வேலைத்திட்டத்தில் முன்வைத்தார். அகமதாபாத்தில் நடந்தது இன்னும் வீரமான கதை. ஒத்துழையாமை இயக்க காலத்தில், ஸ்ரீ வல்லபாய் படேலின் தூண்டுதலால் அந்நகர முனிசிபாலிடி, தன் பள்ளிகளுக்குச் சர்க்காரின் கல்வி மான்யம் வேண்டாமென்றும், சர்க்கார் அதிகாரிகளின் மேற்பார்வை வேண்டாமென்றும் தீர்மானித்தது. 1922-ல் சர்க்கார் முனிசிபாலிடியையே கலைத்தது. ஜனங்கள் பணம் திரட்டித் தாங்களே பள்ளிகளை நடத்தினார்கள். நகரசபை அங்கத்தினர் பதவி என்பது விளக்குக் கம்பம் நடுவதற்கு மட்டும் ஏற்பட்டதென்று படேல் நினைக்கவில்லை. நம் பிள்ளைகளின் கல்வி யார் கையில் இருக்கவேண்டும் என்ற கேள்வியை அவர் சுயராஜ்யக் கேள்வியாகவே கருதினார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பிறகு, 1958-ம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த பஞ்சாயத்து யூனியன்கள் நம் கிராமங்களின் ஆரம்பப் பள்ளிகளை ஏற்று நடத்தின. 1981-ம் வருஷத்தில் அப்பள்ளிகளின் உபாத்தியாயர்கள் ராஜ்ய சர்க்காரின் ஊழியர்களானார்கள். இந்த மாறுதலை நாம் குறைகூறவில்லை. உபாத்தியாயரின் சம்பளமும் மாற்றலும் உள்ளூர்ப் பிரமுகர்களின் தயவில் இருந்தால் என்ன நேரும் என்பதை நம் நாடு அனுபவித்து அறிந்திருக்கிறது. போர்டுத் தலைவருக்குத் தேர்தல் வேலை செய்யாத உபாத்தியாயர் மூட்டைகட்ட வேண்டியிருந்த காலத்தைத் திரும்ப அழைக்க நமக்கு விருப்பமில்லை. நியமனமும் சம்பளமும் பாடத்திட்டமும் ராஜ்ய சர்க்காரிடமே இருக்கட்டும். ஆனால் உபாத்தியாயரின் சம்பளப் பொறுப்பு மாறியதோடு பள்ளியைப்பற்றிய எல்லாப் பொறுப்பும் மாறிவிட்டது என்று ஊர்ப் பிரதிநிதிகள் நினைத்துக்கொண்டதுதான் தவறு. பள்ளியின் பெயர்ப்பலகையில் ஊராட்சி ஒன்றியத்தின் பெயர் இன்றும் இருக்கிறது. ஒன்றிய அங்கத்தினரின் மனத்தில்தான் பள்ளி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1993-ம் வருஷம் அமுலுக்கு வந்த 73-வது அரசியலமைப்புத் திருத்தம், பஞ்சாயத்துக்களிடம் ஒப்படைக்கத்தக்க 29 விஷயங்களைப் பதினோராவது அட்டவணையில் அடுக்குகிறது. அவற்றில் 17-வது, ஆரம்பப் பள்ளிகளும் இடைநிலைப் பள்ளிகளும் அடங்கிய கல்வி. ராஜ்ய சர்க்கார் எவ்வளவு ஒப்படைக்கிறதோ அவ்வளவே அதிகாரம் என்பது மெய்தான். ஆனால் 2010-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்த கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் திட்டவட்டமாகப் பேசுகிறது. மாநகராட்சி, நகராட்சி, ஜில்லா பரிஷத்து, பஞ்சாயத்து ஆகியவற்றை ஸ்தல அதிகார சபைகள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அச்சபைகளின் கடமைகளை 9-வது பிரிவில் வரிசைப்படுத்துகிறது. எல்லைக்குள் வசிக்கும் பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளின் பதிவேட்டை வைத்திருப்பது, ஒவ்வொரு குழந்தையும் சேர்ந்து, ஒழுங்காக வந்து, படிப்பை முடிக்கிறதா என்று கண்காணிப்பது, பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பது, நலிந்த வகுப்பாரின் குழந்தைகளுக்குப் பாரபட்சம் நேராமல் காப்பது ஆகிய யாவும் அக்கடமைகளில் அடங்கும். 21-வது பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்கள், பாதிப்பேர் பெண்கள், அவர்களோடு ஊரார் தேர்ந்தெடுத்த ஸ்தல ஸ்தாபனப் பிரதிநிதிக்கும் இடமுண்டு. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், வரும் மான்யம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இக்குழுவின் வேலை. இத்தனையும் ஏட்டில் இருக்கும்போது, "எனக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்கும் அபேட்சகர், தாம் எந்தப் பதவிக்கு நிற்கிறோம் என்பதையே அறியாதவராகிறார்.

இது வெறும் சட்ட விவகாரமன்று. 2004-ம் வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்துக் கூரையில் பற்றிய தீ, வகுப்பின் ஓலைக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைப் பலி கொண்டது. 2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பிடத்தின் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். அதற்குப் பின்பே ராஜ்யமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டிடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை மும்முரமாயிற்று. இவ்விரண்டும் சர்க்கார் நேராக நடத்திய பள்ளிகளல்ல. எந்தப் பள்ளியானாலும் அதன் கூரையும் சுவரும் ஊரார் கண்ணெதிரில்தான் இருக்கின்றன. தலைநகரிலுள்ள இலாகா அதிகாரிக்கு அது ஒரு பைல். அடுத்த தெருவில் குடியிருக்கும் வார்டு அங்கத்தினருக்கோ தினமும் கண்ணிற்படும் காட்சி. இருந்தும் அவர் பார்த்தும் பாராமற் போவாரானால், அவரைத் தேர்ந்தெடுத்ததன் பலன் யாது?

பள்ளியைப்பற்றிய அபிப்பிராயத்தை வைத்தே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் அதிசயமான காரியமன்று. அமெரிக்காவில் பள்ளி நிர்வாகத்துக்கென்றே தனிச் சபைகளை ஜனங்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே லிட்டில் ராக் என்னும் நகரில் 1957-ல் ஒன்பது நீக்ரோ மாணவர்கள் வெள்ளையர் பள்ளியில் சேர்ந்தபோது பெருங் கலகம் விளைந்தது. நிறவெறியினர் பணிந்துபோகாமல், அடுத்த கல்வி வருஷம் முழுவதும் நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளையே மூடவைத்தார்கள். 1959-ம் வருஷம் மே மாதத்தில், பள்ளிச் சபையின் ஆறு அங்கத்தினரில் நிறவெறியர்களான மூவர், தங்களுக்கு இணங்காத 44 பேரை வேலையிலிருந்து விலக்க முற்பட்டார்கள். அம்மாதம் 25-ந் தேதி நடந்த வோட்டெடுப்பில் நகரத்தார் அம்மூவரையும் பதவியிலிருந்து நீக்கி, மற்ற மூவரையும் நிலைநிறுத்தினார்கள். அந்த வருஷமே பள்ளிகள் திறந்தன. அமெரிக்க ஏற்பாடெல்லாம் நமக்கு உகந்ததென்று நாம் சொல்லவரவில்லை. அந்த ஏற்பாட்டினாலேயே வெறியர்களும் சபைக்குள் புகுந்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. பள்ளி விஷயத்தில் அபேட்சகரின் கொள்கை யாது என்பதை வோட்டர்கள் அறிந்திருந்தார்கள். அறிந்ததனால் தவறைத் திருத்தவும் முடிந்தது. நாம் கவனிக்கவேண்டியது இதைத்தான்.

அப்படியானால் நம் ஊர் அபேட்சகரிடம் என்ன கேட்பது? சில கேள்விகளை இங்கே குறிப்பிடுகிறோம்.

முதலாவது, கட்டிடமும் தண்ணீரும் கழிப்பிடமும். எங்கள் பள்ளியின் கூரை, சுவர், மின்சாரக் கம்பி ஆகியவற்றை வருஷத்துக்கு எத்தனை முறை நேரில் போய்ப் பார்ப்பீர்? பெண் குழந்தைகளின் கழிப்பிடத்தில் தண்ணீர் வருகிறதா என்று உமக்குத் தெரியுமா? தெரியாதென்றால், இன்று மாலைக்குள் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வீரா? வயது வந்த பெண் பள்ளியைவிட்டு நிற்பதற்குத் தண்ணீரில்லாத கழிப்பிடமும் ஒரு காரணம் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள், அபேட்சகர்களும் அறியவேண்டும்.

இரண்டாவது, பதிவேடு. ஊரில் பள்ளிக்கு வராத குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லுவீரா? செங்கற் சூளையிலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை செய்ய வந்திருக்கும் வெளியூர்க் குடும்பங்களின் பிள்ளைகள் வோட்டில்லாதவர்களின் பிள்ளைகள். ஆதலால் அபேட்சகர் கண்ணில் அவர்கள் படுவதில்லை. அவர்களையும் பள்ளியில் சேர்க்கும் கடமை சட்டப்படி ஸ்தல அதிகார சபைக்கு உண்டு. வோட்டில்லாதவனுக்காக உழைப்பேன் என்று சொல்லக்கூடியவரே வோட்டுக்கு உரியவர்.

மூன்றாவது, மேலாண்மைக் குழு. பெற்றோர்கள் தாங்களே கூடித் தேர்ந்தெடுக்க விடுவீரா, அல்லது உமது உறவினர்களின் பெயர்களை எழுதிக்கொடுத்துக் கையெழுத்து வாங்குவீரா? குழுவில் பெண்கள் பேசும்போது அவர்களுடைய கணவன்மார் பதில் சொல்லாமல் பார்த்துக்கொள்வீரா? வந்த மான்யம், செய்த செலவு, நின்ற வேலை ஆகிய கணக்கைக் கிராம சபையில் உரக்க வாசிக்கச் செய்வீரா?

நான்காவது கேள்வி நம்மில் பலருக்குக் கசப்பாயிருக்கும். ஆயினும் கேட்டே தீரவேண்டும். பள்ளியில் ஜாதியை நுழையவிடாமல் தடுப்பீரா? 2018-ம் வருஷத்தில் திருப்பூர் ஜில்லாவிலுள்ள ஒரு பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த பெண்மணி ஆதிதிராவிட வகுப்பைச் சேர்ந்தவர் என்பதற்காகச் சில பெற்றோர் எதிர்ப்புக் கிளப்பினார்கள். இத்தகைய தகராறு பல ஊர்களில் தலைகாட்டியதுண்டு. அப்போதெல்லாம் உள்ளூர்ப் பிரதிநிதி என்ன செய்கிறார்? பெரும்பான்மையின் வோட்டை எண்ணி வாய்மூடியிருக்கிறார். அல்லது அந்த அம்மாளை வேறு ஊருக்கு மாற்றி "சமாதானம்" செய்துவைக்கிறார். அது சமாதானமன்று, சரணாகதி. மகாத்மாவின் பெயரைச் சொல்லி வோட்டுக் கேட்பவர், "அந்த அம்மாள் சமைத்த உணவை என் பிள்ளையோடு நானும் உட்கார்ந்து உண்பேன்" என்று மேடையில் சொல்ல முன்வரட்டும். சொல்ல வாய்வராதவர் பதவிக்கு லாயக்கற்றவர்.

ஐந்தாவது, குறைந்துவரும் மாணவர் தொகை. தனியார் பள்ளியின் பஸ் ஊருக்குள் வந்துபோகிறது; ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள்; பிறகு பள்ளியை மூடுவதா, பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பதா என்ற பேச்சு எழுகிறது. ஏழை வீட்டுக் குழந்தைக்கு அந்த ஒரு பள்ளியைத் தவிர வேறு கதியில்லை. அபேட்சகரே, உம் வீட்டுக் குழந்தை எங்கே படிக்கிறது? அது உமது சொந்த விஷயமென்று சொல்லலாம். சட்டமும் உம்மைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் உமது குழந்தைக்கு ஆகாத பள்ளி ஊர்க் குழந்தைகளுக்கு ஏன் ஆகவேண்டும் என்றும், அதை ஆகும்படி செய்ய உத்தேசித்திருப்பது என்னவென்றும் கேட்க எங்களுக்கு உரிமையுண்டு.

இக்கேள்விகளுக்கு "ஆகட்டும், பார்க்கலாம்" என்ற பதில் போதாது. கிராம பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கும் வார்டு அங்கத்தினர் பதவிக்கும் நம் ராஜ்யத்தில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆதலின் கட்சித் தலைமையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொள்ளவும் இடமில்லை; அபேட்சகரின் சொந்த அபிப்பிராயமே அங்கே கொள்கை. சில கிராமங்களில் தலைவர் பதவியை ஏலம் விட்டு, அதிகத் தொகை கொடுப்பவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கும் இழிவழக்கம் இருந்துவருகிறது. ஏலப் பணம் கோயில் திருப்பணிக்குப் போகிறதென்று அதற்குச் சமாதானமும் சொல்கிறார்கள். பதவியை விலைக்கு வாங்கியவரிடம் யார் கேள்வி கேட்கமுடியும்? வாங்கிய பொருளுக்கு விலை கொடுத்தாகிவிட்டதே! கோயிலுக்கு வந்த பணத்தைக் காட்டிலும், பள்ளிக்கூடத்துக்கு வராமற்போன கேள்விகளால் ஊருக்கு ஏற்படும் நஷ்டம் பன்மடங்கு அதிகம்.

தேர்தலே நடவாவிட்டால் கேள்விகளைக் கேட்பதற்கு அபேட்சகரே இல்லை. 1986-க்குப் பிறகு 1996 வரையில் நம் ராஜ்யத்தில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடக்கவில்லை. 2016-ல் நடக்கவேண்டிய தேர்தல், 27 ஜில்லாக்களின் கிராமப் பகுதிகளில் 2019 டிசம்பரிலும், ஒன்பது ஜில்லாக்களில் 2021 அக்டோபரிலும், நகரங்களில் 2022 பிப்ரவரியிலுமாகத் தவணை முறையில் நடந்தது. முதலில் தேர்தல் கண்ட ஜில்லாக்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது, நிர்வாகம் மறுபடியும் தனி அதிகாரிகளின் கைக்குப் போயிற்று. அதிகாரி நல்லவராயிருக்கலாம், ஆனால் அவர் ஊராரிடம் வோட்டுக் கேட்டு வந்தவரல்லர், ஊராருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவருமல்லர். உரிய காலத்தில் தேர்தல் நடத்துவதும் பள்ளிக்கூடத்துக்குச் செய்யும் உபகாரமே.

நம் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஊரிலும் தேர்தலுக்கு முன்பு பள்ளியைப்பற்றியே ஒரு பொதுக்கூட்டம் கூட்டுங்கள். எல்லா அபேட்சகர்களையும் ஒரே மேடைக்கு அழையுங்கள். நம்மவர், பிறர் என்ற பேதம் வேண்டாம். மேற்சொன்ன கேள்விகளை எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். கேட்பவர்கள் தாய்மார்களாயிருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் சொல்லும் பதில்களை ஊரார் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஜயித்தவருடைய காகிதத்தை ஜனவரி 26-லும், மே தினத்திலும், ஆகஸ்டு 15-லும், காந்தி ஜயந்தியிலும் கூடும் கிராம சபையில் எடுத்து வாசியுங்கள். நம்முடைய கட்சிக்காரர் ஜயித்த ஊரிலும் வாசிக்கத் தவறாதீர்கள். அங்கேதான் அது அதிகம் அவசியம்.

பள்ளிக் குழந்தைக்கு வோட்டில்லை. அதன் கூரை ஒழுகினால் மகஜர் எழுதத் தெரியாது. தண்ணீரில்லாவிட்டால் ஊர்வலம் போகத் தெரியாது. அதற்காகக் கேட்கவேண்டியவர்கள் நாம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நம் வாசலில் கைகூப்பி நிற்பவரிடம் அந்த ஒரு கேள்வியைக்கூடக் கேட்கவில்லையென்றால், பிறகு அவரைக் குறைசொல்லும் யோக்கியதை நமக்குக் கிடையாது.